சைக்கிளைக் கொண்டு வர வேண்டாம்

அண்ணன் அருளப்பன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து அதன் முன்னால் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு கட்டு வைக்கோல் பிரி, நாலைந்து பழைய சாக்கு, ஒரு கோணி ஊசி. ஆவூர் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து சனங்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறவில்லை. ஆனாலும் என் ரவிக்கை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

“கட்டவா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லு ஞானம். வண்டி வந்துரும்.”

கீரனூர் ரயிலடிக்குப் போக மாட்டுவண்டி சொல்லியிருந்தோம். அங்கிருந்து மண்டபம், மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி, அப்புறம் கப்பல், அப்புறம் இலங்கை. நான் அதுவரை பார்த்த பெரிய தண்ணீர் எங்கள் ஊர்க் கண்மாய்தான்.

என் கையில் என் வீட்டுக்காரர் எழுதிய கடிதம் இருந்தது. அதில் கடைசி வரி: ‘சைக்கிளைக் கொண்டு வர வேண்டாம்.’ அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு. இரண்டாவது கோட்டில் பேனா முள் காகிதத்தைக் கிழித்திருந்தது.

“அண்ணே, கொஞ்சம் பொறுங்க” என்றேன். அன்று காலையிலிருந்து அதை நாலாவது தடவையாகச் சொல்கிறேன்.

பயந்தாங்கொள்ளி

திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலை படித்ததை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, ‘நீங்கள் மிகுந்த தைரியசாலி’ என்று கடிதம் போட்டிருக்கிறார். அவருக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். இடிக்குப் பயம், கிணற்றுக்குப் பயம், கொம்பு நீண்ட மாட்டுக்குப் பயம். பிரசவத்துக்குப் போகும்போது ஒவ்வொரு தடவையும் கை நடுங்கும். தாயின் வயிற்றில் கை வைத்த பிறகுதான் நிற்கும்.

படிப்பு முடித்து ஆவூருக்கு வந்த முதல் வருஷம், விராலிமலைப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து ஆள் வந்தது. மாட்டுவண்டியில் போனோம். பாதி வழியில் கடையாணி கழன்று சக்கரம் சாய்ந்துவிட்டது. பிரசவ சாமான் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணின் கை இன்னும் சூடாக இருந்தது. உயிர் இல்லை. பிள்ளையும் இல்லை.

அவள் புருஷன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நடந்து வந்தவள் என்று ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். அந்தத் தண்ணீரை என்னால் விழுங்க முடியவில்லை.

இதை அண்ணனிடம் சொல்லி அழுதேன். அண்ணனுக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் பிட்டர் வேலை. இரண்டு மாதம் கழித்து ஊருக்கு வந்தவர் ரயிலில் ஒரு சைக்கிளைப் போட்டுக்கொண்டு வந்தார். ஊரை விட்டுப் போன ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடம் வாங்கியது. பெண்கள் ஓட்டும் சைக்கிள். நடுவில் குறுக்குக் கம்பி இல்லை. பின் சக்கரத்தில் சேலை மாட்டாமலிருக்க நூல் வலை கட்டியிருந்தது.

“இனிமே வண்டிக்காக நீ காத்துக் கெடக்க வேணாம்” என்றார்.

வறண்டு கிடந்த கண்மாய்க்குள் ஓட்டிப் பழகினேன். முழங்கால் இரண்டும் தேய்ந்து போயின. கரை மேல் நின்று ஊரே சிரித்தது. ஒரு மாசத்தில் சிரிப்பு ஓய்ந்தது. ஆறு மாசத்தில், “நர்ஸம்மா சைக்கிளு வருது, ஒத்துங்க” என்று ஆட்டை விரட்டி வழி விட்டார்கள். அதற்கப்புறம் நான் நேரங்கழித்துப் போய் ஒரு உயிரும் போகவில்லை.

நாலு வருஷம் கழித்து வந்த அழைப்பு

என் வீட்டுக்காரர் பெயர் சூசை. எங்களுக்குக் கல்யாணம் ஆன மூன்றாம் வருஷம், மழை பொய்த்துப்போய், இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளை வேலைக்குப் போனார். வேலைக்கு வருகிற ஆட்களின் பேரை எழுதி மேற்பார்வை பார்க்கிற உத்தியோகம். தனி வீடு, முன்னால் ரோசாச் செடி, கோட்டு, பூட்சு என்று முதல் வருஷம் எழுதினார். மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. பிறகு நல்ல நாள் பெரிய நாளுக்கு மட்டும். ரோசாச் செடியைப் பற்றிய பேச்சே நின்றுவிட்டது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் மாமியாரோடு ஆவூரிலேயே இருந்தேன்.

நாலு வருஷம் கழித்து வந்த இந்தக் கடிதத்தில் இவ்வளவுதான் இருந்தது: தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மருத்துவச்சி தேடுகிறார்கள், டாக்டரையாவிடம் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், உடனே புறப்பட்டு வரவும். அப்புறம் அந்த இரண்டு கோடு போட்ட வரி.

ஏன் வேண்டாம் என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். உப்புக் காற்றில் இரும்பு அரித்துப் போகும் என்றார் ஒருவர். மலைச் சரிவில் உருண்டுவிடுவாள் என்றார் இன்னொருவர். மாமியார் சவேரியம்மாளுக்குத் தயக்கமே கிடையாது. “ஆம்பளை வேணாமின்னா வேணாந்தான். அங்கிட்டுப் போயி அவன் மானத்த வாங்கப் போறியா?” என்றார்.

போதாததற்கு அந்த வருஷம் இலங்கையில் காய்ச்சல். சனங்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள் என்று சந்தைக்குச் சந்தை பேச்சு. நான் காய்ச்சலுக்குப் பயந்தேன், கடலுக்குப் பயந்தேன். ஆனால் ராத்தூக்கத்தைக் கெடுத்தது அந்த இரண்டு கோடுதான்.

குடுமியான்மலைக்குப் போனேன்

அதே தோட்டத்திலிருந்து ஓர் ஆள் ஊர் திரும்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பெயர் கருப்பையா. குடுமியான்மலைக்காரர். ஆவூரிலிருந்து கிட்டத்தட்ட இருபது மைல். யாரிடமும் சொல்லாமல், பிரசவம் பார்க்கப் போகிறவள் மாதிரி பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு விடிந்ததும் கிளம்பிவிட்டேன். இலுப்பூர், அன்னவாசல் வழியாகப் போய்ச் சேரும்போது உச்சி வெயில்.

கருப்பையா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். குளிர்காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

“வாங்க நர்ஸம்மா. இம்புட்டுத் தூரம் இதுலயேவா வந்தீங்க?”

“அவுக எப்பிடி இருக்காக?” என்றேன். மூச்சு வாங்குவது நிற்கவில்லை.

“சூசையண்ணனுக்கு ஒண்ணுமில்லீங்க. காச்ச கீச்ச எதுவும் கெடையாது. நல்லாத்தான் இருக்காரு.”

“அப்ப சைக்கிளு ஏன் வேணாங்கிறாக?”

அவர் தரையைப் பார்த்தார். ஒரு குச்சியை எடுத்து மண்ணைக் கிளறினார். “நீங்க போறது நல்லதுதாங்க. ஆனா வீட்டு விஷயத்த மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்.”

வீட்டு விஷயம். எங்கள் பக்கத்தில் ஓர் ஆம்பிளையிடம் ‘வீட்டுல சுகமா?’ என்று கேட்டால் பெண்டாட்டி சுகமா என்று அர்த்தம். அக்கரைக்குப் போன ஆண்கள் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட கதை எங்கள் ஊரிலேயே நாலு உண்டு.

அதைக் கேட்க வாய் வரவில்லை. வேறு ஒன்று கேட்டேன். “தோட்டத்துல இருந்து ரயிலடி எம்புட்டுத் தூரம்?”

“ஆறு மைலுங்க. வாரப்ப பூராவும் எறக்கம்.”

“நெனச்சா திரும்பி வந்துறலாமா?”

“பெரிய கங்காணி சம்மதம் இல்லாம யாரும் வெளிய போக முடியாதுங்க. பாதி வழியிலயே மறிச்சு இழுத்துட்டு வந்துருவாங்க.”

திரும்பி வரும் வழி முழுக்க அந்த ஆறு மைலைத்தான் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். நடந்தால் இரண்டு மணி நேரம். மறித்துவிடுவார்கள். சைக்கிளில் இறக்கமானால் அரை மணி.

அண்ணனிடம் சொன்னது

இப்போது அந்தக் காலைக்குத் திரும்ப வேண்டும். அண்ணன் ஊசியில் சணலைக் கோத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

“மச்சான் வேணாங்கிறாரு. நீ வேணுங்கிற. ஆனா வேணுமின்னும் வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கிற. என்னதான் ஒனக்கு?”

மாமியார் உள்ளே இருந்தார். நான் அண்ணன் பக்கத்தில் குந்தி, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். குடுமியான்மலைக்குப் போனதைச் சொன்னேன். கருப்பையா சொன்னதைச் சொன்னேன்.

“வேற யாரும் அங்க இருந்தா நான் என்னண்ணே செய்வேன்? சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல. ஓடி வந்துருவேன். அதுக்கு ஒரு வழி வேணும்.”

அண்ணன் சணல் கோத்த ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தார். பிறகு, “நடுவுல கடல் கெடக்கே ஞானம். சைக்கிளு கடல்ல ஓடாதே” என்றார்.

“ரயிலடி வரைக்கும் ஓடுனாப் போதும்ணே.”

வாசலில் நிழல் விழுந்தது. மாமியார் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

“அந்தக் காகிதத்தக் குடு” என்றார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அந்த இரண்டு கோட்டையும் கிழிசலையும் விரலால் தடவினார்.

“இம்புட்டு அழுத்தமா எதுக்குக் கோடு போட்டிருக்கான்? சின்னதுலயும் அப்பிடித்தான். நெசத்தச் சொல்றப்ப முணுமுணுப்பான். எதையாச்சும் மறைக்கணுமின்னா கத்துவான்.” கடிதத்தை என்னிடம் நீட்டினார். “என் மகன்தான். ஆனா நீ போற எடத்துல ஒனக்கு நான் தொணைக்கு வர முடியாது. கட்டு அருளப்பா.”

ஓடிக் காட்டுங்கோ

மண்டபத்தில் அக்கரை போகிறவர்களைச் சில நாள் நிறுத்தி வைத்து, ஊசி போட்டு, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவார்கள். அந்தச் சில நாளும் நான் சைக்கிளைப் பார்க்கவில்லை. அது சாமான்களோடு எங்கோ கிடந்தது. காய்ச்சல் கண்டவர்களைத் தனியே அழைத்துப் போகும்போதெல்லாம் என் நெற்றியை நானே தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

தனுஷ்கோடியில் இரண்டு கூலிகள் என் சைக்கிளைப் பலகை வழியாகக் கப்பலுக்குத் தூக்கிப் போவதைக் கண்டேன். அடியில் தண்ணீர் கொந்தளித்தது. ஒருவர் கால் இடறினார். நான் மாதாவே என்று கத்திவிட்டேன். சுற்றி நின்றவர்கள் யாருடைய பிள்ளையோ விழுந்துவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

அக்கரையில் இறங்கியதும் சுங்கக் கொட்டகையில் ஒருவர் சாக்கைப் பிரிக்கச் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர். நான் அந்தத் தமிழைக் கேட்டதே இல்லை.

“இது ஆரின்ரை சைக்கிள்?”

“என்னுதுங்க.”

“புருசன்ரையோ?”

“இல்லீங்க. என்னுது.”

விற்பதற்குக் கடத்தி வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப ஓடிக் காட்டுங்கோ பாப்பம்” என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓடச் சொல்கிறார் போலிருக்கிறது என்று சேலையைச் செருகிக்கொண்டு ஓடப் போனேன். பின்னால் நின்ற ஒருவர், “சைக்கிள ஓட்டிக் காட்டச் சொல்றாரும்மா” என்றார்.

கப்பலில் வாந்தி எடுத்து எடுத்துக் கால் இரண்டும் துவண்டு கிடந்தன. இதைப் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வேன் என்ற திகில்தான் என்னை ஏற்றி உட்கார வைத்தது. கொட்டகைக்குள், பெட்டிக்கும் மூட்டைக்கும் நடுவே, ஒரு சுற்று வந்தேன். இறங்கும்போது அவர் மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. காகிதத்தில் முத்திரை குத்திக் கொடுத்து, “கவனமாப் போங்கோ” என்றார்.

மலையடி ரயிலடி

மலைநாட்டு ரயிலடியில் இறங்கியபோது பனியும் தூறலுமாக இருந்தது. என் மூச்சு புகையாக வெளியே வருவதைப் பார்த்து அதற்கும் பயந்தேன்.

என் வீட்டுக்காரர் நின்றார். கோட்டு இல்லை, பூட்சு இல்லை. மழைக்கு ஆடு மேய்க்கிறவர்கள் போடும் கொங்காணி மாதிரி, தலையும் முதுகும் மூடக் கம்பளியை மடித்துப் போட்டிருந்தார். வெறுங்கால். கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. என்னைப் பார்த்து முகம் மலர்ந்தது. பின்னால் சாமான் வண்டியிலிருந்து சைக்கிளை இறக்குவதைப் பார்த்ததும் சுருங்கிவிட்டது.

“வேணாமின்னு எழுதியிருந்தேனே.”

பெட்டியைச் சைக்கிளில் கட்டி அவர் தள்ளினார். நான் பின்னால் நடந்தேன். ஆறு மைல் ஏற்றம். ஒவ்வொரு வளைவையும் நான் எண்ணிக்கொண்டே போனேன், திரும்பி வருகிறவள் போல.

அந்தி மங்கும் நேரத்தில் ஒரு நீளமான கட்டடத்தின் முன் நின்றார். ஒரே கூரை. வரிசையாகக் கதவுகள். ஒவ்வொரு கதவிலிருந்தும் ஒரு குடும்பம் எட்டிப் பார்த்தது. கடைசிக் கதவைத் திறந்தார். நான் முதலில் பார்த்தது கொடியைத்தான். அதில் ஒரு சேலை தொங்குகிறதா என்று பார்த்தேன். ஒரு வேட்டியும் ஒரு துண்டும் தொங்கின. ஓர் அடுப்பு, ஒரு சட்டி, ஒரு பாய். நாலு எட்டு வைத்தால் எதிர்ச் சுவர்.

“இதுதான் வீடு” என்றார்.

அவர் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். குரல் முணுமுணுப்பாக வந்தது.

“கணக்கப்பிள்ளை வேல போயி ரெண்டு வருசமாச்சு ஞானம். கங்காணி ஒரு பொம்பளையக் கை நீட்டி அடிச்சாரு. குறுக்க விழுந்து தடுத்தேன். அன்னைக்கே அந்த வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இப்ப மம்பட்டி வேலதான். ஆத்தாளுக்கும் எழுதல, ஒனக்கும் எழுதல. கருப்பையாகிட்டயும் வீட்டப் பத்தி மூச்சு விடாதேன்னேன். மருத்துவச்சி வேல மட்டும் நெசம். நாளைக்கே டாக்டரையாவப் பாக்கலாம்.”

அவர் மறைத்தது இந்த வீட்டை. சுவரும் கூரையுமான வீட்டை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“வேற யாரையும் வச்சிருக்கீகன்னு நெனச்சேன்.”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “அப்பிடி நெனச்சுக்கிட்டா இம்புட்டுத் தூரம் வந்தே?”

“எடம் இல்லன்னுதான் சைக்கிளு வேணாமின்னீகளா?”

“எடம் ஒரு பக்கம்.” சற்று நேரம் கையைப் பிசைந்தார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. “இதப் பாத்ததும் நீ திரும்பிருவேன்னு பயந்தேன். நடந்து போனியன்னா நடுவுல எங்கயாச்சும் புடிச்சு ஒக்கார வச்சுப் பேசிப்புடலாம். சைக்கிள்ல ஏறிட்டியன்னா பூராவும் எறக்கம். என்னால புடிக்க முடியாது.”

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “நானும் அதுக்குத்தான் கொண்டாந்தேன்” என்றேன்.

அவர் எழுந்து துண்டை எடுத்துச் சைக்கிளின் ஈரத்தைத் துடைத்தார். மழை பெரிதாகிக்கொண்டிருந்தது. வெளியே நிறுத்தினால் துருப்பிடித்துவிடும் என்று அதை உள்ளே தூக்கிச் சுவரோரம் சாத்தினார். அது நின்ற பிறகு ஒருவர் படுக்கத்தான் இடம் இருந்தது. பாயை எனக்கு விரித்துவிட்டு, ஒரு சாக்கை எடுத்து வெளிக் கூரையடியில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“வாரப்ப பாத்தியல்ல, பாலத்துக்கு அங்கிட்டு ஒரு வளைவு. மழ பேஞ்சா அங்க சரளக் கல்லு வழுக்கும். பிரேக்கு புடிச்சாலும் நிக்காது. எப்பப் போனாலும் அந்த எடத்துல மட்டும் எறங்கி உருட்டிக்கிட்டுப் போ.”